மூன்றாம் தண்ணீர்

திண்டுக்கல் நூல் மில் ஒன்றில் ராயப்பராஜ் டைம்கீப்பர். காலைச் சங்கு ஊதுவதற்குக் கால் மணி முன்பே கேட்டை ஒட்டிய சின்ன ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் வெட்டிய ஒரு பித்தளை டோக்கன். நம்பரைச் சொன்னால் டோக்கன் வரும், டோக்கன் வந்தால்தான் உள்ளே போகலாம். நானூறு பேருடைய முகத்தையும் நம்பரையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். நாகல் நகரில் அவர் வீட்டிலிருந்து மில் கேட் வரை சைக்கிளில் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தியவர்கள் உண்டு. அப்படியொரு ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

உடம்புக்கு முடியாமல் லீவு போட்டுத் திரும்புகிறவர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "தண்ணி ஊத்தியாச்சா?"

எங்கள் பக்கம் அம்மை போட்டவர்களுக்கு அது இறங்கியதும் வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊற்றுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தடவை. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆள் வாசல் தாண்டலாம், அடுத்த வீட்டுக்குள் நுழையலாம், வேலைக்குப் போகலாம். மில்லில் அப்போது டாக்டர் கிடையாது. மூன்றாம் தண்ணீர்தான் சர்டிபிகேட். ஆள் பொய் சொன்னாலும் தலைமுடியில் ஒட்டிய வேப்பிலைத் துணுக்கு சொல்லிவிடும் என்பார் ராயப்பராஜ். பதினைந்து வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு டோக்கனைக்கூட அவர் தப்பாகக் கொடுத்ததில்லை.

மில் மேனேஜருக்குப் புட்பால் பைத்தியம். ஐம்பத்தைந்தாம் வருஷம் முதலாளிமாரிடம் பேசி மில்லுக்கென்று ஒரு டீம் சேர்த்தார். பதிமூன்று பையன்கள். பேரேட்டில் அவர்கள் நூற்பு செக்ஷன் ஆட்கள், நிஜத்தில் பந்து உதைப்பதுதான் வேலை. ஆட்டம் இருக்கும்வரை சம்பளம் உண்டு, டீம் கலைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், பெர்மனென்ட் கிடையாது. ராயப்பராஜ் ஒரு காலத்தில் ஆடி முட்டியை உடைத்துக்கொண்டவர் என்பதால் அவரையே டீமுக்குச் செகரட்டரி ஆக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பையன்களைத் தேடிப்போனது அவர்தான்.

அப்படிக் கிடைத்தவன்தான் எரியோட்டுச் சின்னக்கண்ணு. வேடசந்தூரில் ஏதோ திருவிழாவுக்கு நடந்த ஆட்டத்தில் வெறுங்காலோடு இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் முழிப்பான். அப்பா இல்லை. அம்மா மூக்காயி, மழையை நம்பிச் சோளம் விதைக்கிற கொஞ்சம் மேட்டு நிலம், அவ்வளவுதான். மாசம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்றை அந்த வீடு பார்த்தது இவன் மில்லுக்குப் போன பிறகுதான். அவனுக்குக் கொடுத்த நம்பர் 214. ஐம்பத்தேழில் அவனுக்குப் பத்தொன்பது வயது.

அந்த வருஷம் மே மாசக் கடைசியில் மில்லே ஒரு கப்பு வைத்து டோர்னமென்ட் நடத்தியது. மதுரை, திருச்சி என்று வெளியூர் டீம்கள் வந்தன. இரண்டு ரவுண்டு முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மதராஸில் கப்பலில் வந்து இறங்கியது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கப்பலில் வந்ததோ ரயிலில் வந்ததோ, திண்டுக்கல்லில் அது முதலில் தெரிந்தது ராயப்பராஜின் பேரேட்டில்தான். ஒரு திங்கட்கிழமை முப்பது டோக்கன் ஆணியிலேயே தொங்கியது. புதன்கிழமை தொண்ணூறு. யார் யார் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதுக்காரர்கள் இருமிக்கொண்டாவது வந்துவிட்டார்கள். வராதவர்களெல்லாம் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து.

பேகம்பூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த கிதர் முகம்மது அவருக்குச் சிநேகிதர். சாயங்காலம் டீக்கடையில் அவரிடம் இதைச் சொன்னார். கம்பவுண்டரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கிழடுகளை விட்டுவிட்டு இளசுகளைப் பிடிக்கிறது, முக்கால்வாசிப் பேர் நாலு நாளில் எழுந்துவிடுகிறார்கள், எழுந்து சீக்கிரமே ஓடியாடுகிற சிலருக்கு மட்டும் திரும்பி நெஞ்சில் இறங்குகிறது என்றார். அந்த வாரமே பஞ்சு செக்ஷனில் காத்தமுத்து என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் செத்துப்போனான். டோர்னமென்டை நிறுத்தினார்கள்.

மூன்று வாரம் கழிந்தது. பேரேட்டில் ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். இந்தக் காய்ச்சலுக்கும் அம்மைக்குப் போலவே மூன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வந்தார்கள். மேனேஜர் ராயப்பராஜைக் கூப்பிட்டனுப்பினார். போன இடத்தில் கிதர் முகம்மதும் உட்கார்ந்திருந்தார், அவரிடமும் யோசனை கேட்கத்தான். முதலாளிமார் நெருக்குகிறார்கள் என்றார் மேனேஜர். மாசம் முடிவதற்குள் செமி பைனலும் பைனலும் நடக்காவிட்டால் டீமைக் கலைத்துவிடச் சொல்லிவிட்டார்களாம், ஆடாத டீமுக்கு எதற்குச் சம்பளம் என்று. நடந்து, ஜெயித்தும் விட்டால் அத்தனை பேரையும் பெர்மனென்ட் ஆக்குவது தன் பொறுப்பு என்றார். மதுரை டீம் வரத் தயார். வியாழக்கிழமை செமி பைனல். இனி டைம்கீப்பர் சொல்வதுதான் என்று பொறுப்பைத் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கம்பவுண்டர் ஆகஸ்டு வரை பந்தைத் தொடக் கூடாது என்றார்.

ராயப்பராஜ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீளாது. அவர் மனசில் பதிமூன்று பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருத்தனுக்குத் தங்கச்சி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஒருத்தன் சம்சாரம் மாசமாக இருந்தாள், எரியோட்டில் ஒருத்தி மாசக் கடைசியை எண்ணிக்கொண்டிருந்தாள். யாரையும் சாகவிடவும் கூடாது, யாரையும் பட்டினி போடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குத் தெரிந்த வழி அவர் ஜன்னலில் பதினைந்து வருஷமாக இருந்தது. காய்ச்சல் கண்டு, விட்டு, மூன்று தண்ணீர் ஊற்றியவன் மட்டும் ஆடட்டும் என்றார். ஒரு தடவை வந்தவனுக்கு அம்மை மறுபடி வராது, இதுவும் அப்படித்தான் இருக்கும். இன்னும் காய்ச்சலே காணாதவன் ஓரமாக உட்காரட்டும், அவனுக்குத்தான் ஆபத்து.

"ராயப்பா, இது அம்மை இல்ல. நெஞ்சுக்குள்ள என்ன கெடக்குதுன்னு தண்ணிக்குத் தெரியாது" என்றார் கிதர் முகம்மது.

"ஆகஸ்டு வரைக்கும் பதிமூணு வீட்டுலயும் எதத் திம்பாக பாய்?"

டைம்கீப்பர் சொன்ன வழியையே மேனேஜர் சட்டமாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, பதினைந்து வயது மகன் ஸ்தனிஸ்லாஸிடம் வியாழக்கிழமை மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார் ராயப்பராஜ். கூட்டத்தில் என்ன இருக்குமோ என்றார். வெஞ்சனம் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி சகாயராணி கரண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அப்ப ஆடுறவுக யாரு பெத்த பிள்ளைக?" என்றாள். அவர் குனிந்து சாப்பிட்டு முடித்தார்.

பதிமூன்று பேரில் பத்துப் பேருக்கு மூன்று தண்ணீரும் ஆகியிருந்தது. இரண்டு பேருக்குக் காய்ச்சலே வரவில்லை, சட்டப்படி அவர்கள் ஓரம். மிச்சம் சின்னக்கண்ணு. காய்ச்சலோடு ஊருக்குப் போனவன், ஆளையும் காணோம், தகவலும் இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருத்தனை இறக்கியிருக்கலாம். ஆனால் தான் சொல்லி ஒட்டிய சட்டத்தை இரண்டே நாளில் தானே கிழிப்பதற்கு மனுஷனுக்குக் கூச்சம். சட்டம் என்றால் சட்டம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, வியாழக்கிழமை விடிந்ததும் எரியோட்டுக்குச் சைக்கிளை மிதித்தார். பதிமூன்று மைல். பஸ்ஸில் போகவில்லை. பஸ் கூட்டத்தில் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும், பையனைத் திரும்பக் கூட்டி வரும்போது அந்தக் கூட்டத்தில் ஏற்றக் கூடாது என்று அத்தனை ஜாக்கிரதை.

சின்னக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான், ஆனால் இவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு எழுந்தான். மூக்காயி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். திங்கட்கிழமை முதல் தண்ணீர், நேற்று இரண்டாவது, நாளைக்கு மூன்றாவது ஊற்றிவிட்டால் சனிக்கிழமை காலையில் மில்லில் இருப்பான் என்றாள். ஆட்டம் இன்றைக்கு என்று ராயப்பராஜ் சொன்னார். டீம் கலைவதையும், மேனேஜர் வாக்குக் கொடுத்ததையும், பத்துப் பேர் இவன் ஒருத்தனுக்காக நிற்பதையும் சொன்னார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானய்யா ஊத்தணும். அடுத்தடுத்த நாளு ஊத்துனா ஆகாதே" என்றாள் மூக்காயி.

"இன்னைக்கே ஊத்திருவோம் தாயி. நாளைக்கு ஊத்துனா வேல இருக்காது."

அவள் மகனைப் பார்த்தாள். ஊற்று ஆத்தா, எனக்கு ஒன்றுமில்லை என்று அவனே சட்டையைக் கழற்றினான். தண்ணீர் வெயிலில் சுடுவதற்குக்கூட நேரம் தரவில்லை. வேப்பிலையை உருவிப் போட்டு, மஞ்சளைக் கரைத்து, வாசலில் உட்கார வைத்து அவள் ஊற்றினாள். ராயப்பராஜ் அந்தப் பக்கம் திரும்பி வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டம் நிறைவேறிவிட்டது. கிளம்பும்போது மூக்காயி அவரிடம், நீங்கள் கூட இருக்கிறீர்கள், எனக்குப் பயமில்லை என்றாள்.

சைக்கிளை நான் மிதிக்கிறேன் என்றான் பையன். இவர் விடவில்லை, பின்னால் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டார். வழியெல்லாம் மதுரைக்காரர்களின் தடுப்பாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். பிறகு பேச்சு குறைந்தது. அகரம் நெருங்கும்போது அவன் நெற்றி இவர் முதுகில் சாய்ந்தது. சட்டை வழியாகச் சூடு தெரிந்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டார். ஆனி மாச வெயில், குளித்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒரு மைல் போனதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பக்கத்துத் தோப்பில் கேட்டு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவன் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

நீட்டியவர் பாதியில் மடக்கிக்கொண்டார். தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அந்தக் கையைத்தான் ராயப்பராஜ் ஆயுசு பூராவும் தன்னோடு வைத்துக்கொண்டு அலைந்தார்.

மைதானத்தில் ஈ நுழைய இடமில்லை. மூன்று வாரம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர், மலைக்கோட்டைப் பாறைமேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. சின்னக்கண்ணு முதல் பாதியில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இவனுக்கா காய்ச்சல் என்றார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இடது ஓரத்திலிருந்து அவன் தூக்கிப் போட்ட பந்தில்தான் கோல் விழுந்தது. ராயப்பராஜும் எல்லாரையும் போல எழுந்து நின்று கத்தினார். அந்த ஒரு நிமிஷம் தான் செய்தது சரி என்று நிச்சயமாக நம்பினார். இரண்டாம் பாதியில் பையன் கோட்டோரம் உட்கார்ந்து இருமினான். போதும் வந்துவிடு என்று இவர் கையைக் காட்டினார். அவன் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். ஒன்றுக்குச் சைபர், ஜெயித்தார்கள்.

வெள்ளிக்கிழமை படுத்தவன் எழவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவன் உதடு கறுத்திருந்தது, மூச்சுக்கு ஒரு தடவை நெஞ்சு குழிந்து குழிந்து வந்தது. கிதர் முகம்மது வந்து பார்த்துவிட்டு ராயப்பராஜைத் தாண்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை விடியற்காலையில் சின்னக்கண்ணு செத்துப்போனான். பைனலை ஒரு வாரம் தள்ளிவைத்து, ஓரத்தில் உட்கார வைத்திருந்த இருவரில் ஒருவனை இறக்கி ஆடினார்கள். அதிலும் ஜெயித்தார்கள். அப்படி இறங்கியவனுக்குக் கடைசிவரை காய்ச்சலே வரவில்லை.

மேனேஜர் வாக்குத் தவறவில்லை. மிச்சமிருந்த பன்னிரண்டு பேரும் பெர்மனென்ட் ஆனார்கள். இதைத்தான் ராயப்பராஜால் தாங்க முடியவில்லை. எல்லாம் வீணாகிப் போயிருந்தால் மேனேஜரைத் திட்டலாம், முதலாளியைத் திட்டலாம், தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். வீணாகவில்லையே. தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்தது. மாசமாக இருந்தவள் பெண் பெற்றாள். பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இனிப்புப் பொட்டலத்தோடு அவர் வீட்டுக்கு வந்து, அண்ணே உங்களால்தான் என்றார்கள். அவர் வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. பன்னிரண்டு சரியா, ஒன்று தப்பா என்று எத்தனை விதமாக நிறுத்துப் பார்த்தாலும் தட்டு ஒரு பக்கமும் நிற்காமல் ஆடியது.

முதலாளிமார் பெரிய மனசு பண்ணி மூக்காயிக்கு மில்லிலேயே வேலை கொடுத்தார்கள், கழிவுப் பஞ்சு பொறுக்குகிற வேலை. நம்பரும் மகனுடைய நம்பரே இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார், அதில் ஒரு மரியாதை இருப்பதாக அவருக்கு நினைப்பு. ஆக, அடுத்த ஒன்பது வருஷம் ஒவ்வொரு காலையும் மூக்காயி ஜன்னலுக்கு வந்து "இருநூத்திப் பதினாலு" என்பாள். ராயப்பராஜ் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துக் கொடுப்பார். அவள் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. பொங்கலுக்குக் காட்டில் விளைந்த மொச்சையைக்கூட ஒரு பையில் கொண்டுவந்து ஜன்னலில் வைப்பாள்.

தண்ணி ஊத்தியாச்சா என்று கேட்பதை அவர் நிறுத்திவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் டோக்கனைக் கொடுத்தார். கோவிலுக்குப் போனார், வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனம் செய்தார், மூன்றாம் தண்ணீரை முன்னால் ஊற்றச் சொன்னதையும் சாமியாரிடம் சொல்லி அழுதார். தெரியாமல் செய்தது பாவமாகாது என்று சாமியார் ஆறுதல் சொன்னார். புளியமரத்தடியில் மடக்கிய கையை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரியாமல் செய்தது என்பது போய்விடும்.

அறுபத்தாறில் மூக்காயிக்கு இருமல் கண்டது. பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, இனி உள்ளே வேலை செய்ய முடியாது என்றார்கள். கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு டோக்கனைத் திருப்பிக் கொடுக்க ஜன்னலுக்கு வந்தாள். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"அய்யா, ஒண்ணு சொல்லணும். ஒம்பது வருசமா உங்க மொகத்தப் பாத்துப் பாத்துச் சொல்ல முடியாம வச்சிருக்கேன்."

சொல்லச் சொன்னார் ராயப்பராஜ்.

"அன்னைக்கு மூணாந் தண்ணி ஊத்தயில அவன் தோளத் தொட்டேன். அனலாச் சுட்டுச்சு. காச்ச விட்டிருந்தது திரும்பிருச்சுன்னு அப்பவே தெரியும் எனக்கு. உங்ககிட்டச் சொன்னா வேல போயிரும்னு வாய மூடிக்கிட்டேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னீக, ஒண்ணும் தெரியாம."

அவர் கையிலிருந்த டோக்கனின் நம்பரைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"சொல்லியிருந்தா நீங்க அவனக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டீக. மாட்டீகதான?"

பதில் ஒரே ஒரு வாக்கியம்தான். எனக்கும் முதுகில் சுட்டது தாயி, எனக்கும் தெரியும் என்று சொன்னால் போதும். அவள் தலையிலிருந்து பாதிச் சுமையாவது இறங்கியிருக்கும். ஆனால் இந்த உலகத்திலேயே அவரைக் குற்றமில்லாதவர் என்று முழுசாக நம்பிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். அந்த நம்பிக்கையை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. மனுஷன் எவ்வளவு அற்பமாகப் போக முடியும் என்பதற்கு இதற்கு மேல் எனக்கு உதாரணம் தெரியாது.

"மாட்டேன் தாயி. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றார்.

மூக்காயி தலையை ஆட்டினாள். "அப்ப நாந்தான்" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே வேடசந்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

அவர் 214-ஐ ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் அவள் எட்டு மாசம் உயிரோடு இருந்தாள். எரியோட்டுக்குப் பதிமூன்று மைல்தான். ராயப்பராஜ் போகவில்லை.